மைதானம், உடல், புத்தகம்: நிறுத்தப்பட்ட ஓர் ஆட்டத்தை முன்வைத்து

1

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றவுடன் நம்மைப் போன்றவர்களுக்கு நினைவுக்கு வருவது புத்தகக் காட்சிதான். ஜனவரித் தூசி, நடந்தால் அதிரும் பலகைத் தரை, வெளியே டெல்லி அப்பளம், கையில் கனக்கும் நாலு பை. அந்த இடம் ஓர் உடற்கல்விக் கல்லூரியின் விளையாட்டு மைதானம் என்பது வாசலிலேயே எழுதியிருக்கிறது. படிக்கிற ஜனங்களாகிய நாம்தான் அந்தப் பலகையைப் படிப்பதில்லை.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. பிறகு காயிதே மில்லத் மகளிர் கல்லூரி. அப்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியன் பள்ளி. 2013-ல் நந்தனம். 2016-ல் தீவுத்திடல். பிறகு மீண்டும் நந்தனம். தீவுத்திடல் ஒன்றை விட்டுவிட்டு இந்த வரிசையைப் பாருங்கள். எல்லாமே கல்வி நிறுவனங்களின் திறந்த வெளிகள். அதாவது மாணவர்கள் ஓடுவதற்கும் ஆடுவதற்கும் விடப்பட்ட இடங்கள். நம்முடைய அறிவுத் திருவிழா, நாற்பது வருஷத்துக்கும் மேலாக, யாரோ ஆடவேண்டிய இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

இதைப் புத்தகக் காட்சிக்கு எதிரான புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே நந்தனம் மைதானத்தில் 2023 அக்டோபர் 14 அன்று தி.மு.க. மகளிர் உரிமை மாநாடு நடந்தது. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் மோடி கலந்துகொண்ட பா.ஜ.க. பொதுக்கூட்டம் நடந்தது. எதிரெதிர்க் கட்சிகளுக்குக்கூட அந்த மண் பொதுவானதாக இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு கருத்து இருந்தால்தான் இது சாத்தியம்: விளையாட்டு மைதானம் என்பது காலியிடம். ஆள் இல்லாத இடம். யாராவது வந்து நிரப்பும்வரை அது சும்மா கிடக்கிறது.

இந்த 'சும்மா கிடக்கிறது' என்கிற பார்வையைத்தான் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஓர் ஆட்டம் நின்றுபோகும்போது அதன் மைதானம் என்னவாகிறது, யார் கைக்குப் போகிறது என்பதை எடுத்துக்கொண்டால் கல்வி, உடல், அதிகாரம் ஆகியவற்றைப் பற்றி நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும்.

2

நந்தனம் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ. அனுப்பி 1919-ல் மதராஸ் வந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் அவரே. 1943-ல் இங்கேயே இறந்தார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படும் அதன் முகவரி அப்போது சைதாப்பேட்டை. அதே சைதாப்பேட்டையில்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் இருந்தது. எழுத்தைக் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு கல்லூரி, உடலைக் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு கல்லூரி. வாத்தியார் வேறு, டிரில் மாஸ்டர் வேறு என்கிற பிரிவினை நம் கல்வியில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த அக்கம்பக்கமே காட்டும்.

பக் படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்த இடம் அது. அவரை அதற்குத் தூண்டிய லூதர் குலிக் என்பவர்தான் உடல், மனம், ஆன்மா என்ற மூன்று பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தை ஒய்.எம்.சி.ஏ.வுக்குச் சின்னமாகத் தந்தவர்.

இந்த முக்கோணத்தை அப்பாவித்தனமாக வாசிக்கமுடியாது. ஒழுங்குபடுத்தப்பட்ட, பயனுள்ள, பணிவான உடல்களைப் பள்ளியும் பட்டாளமும் தொழிற்சாலையும் எப்படி உற்பத்தி செய்தன என்று மிஷேல் ஃபூக்கோ 1975-ல் எழுதிய நூல் நமக்குத் தெரியும். காலனியத்தில் அது இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு 1891-ல் கால்பந்தைக் கொண்டுபோன டின்டேல்-பிஸ்கோ என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். பண்டிதர் வீட்டுப் பையன்கள் தோல் பந்தைத் தொட்டால் தீட்டு என்று மறுத்தார்கள். அவர் ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்துச் சுற்றி நிற்கவைத்து, பையன்களை அடித்து விரட்டி ஆடவைத்தார். இதில் இரண்டு வன்முறை இருக்கிறது. தோலைத் தொடாதே என்கிற சாதியின் வன்முறை ஒன்று. தொடு என்று கம்பெடுக்கிற காலனியத்தின் வன்முறை இன்னொன்று. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

ஆனால் ஆட்டம் என்பது டிரில் அல்ல. டிரில்லில் அடுத்த அசைவு என்ன என்பது மாஸ்டருக்குத் தெரியும். ஆட்டத்தில் அது பந்து காலுக்கு வரும்வரை ஆடுகிறவனுக்கே தெரியாது. ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்த ஆட்டம் ஒழுங்கிலிருந்து வழிந்துவிடுகிறது. கிரிக்கெட்டை வைத்து சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-ல் எழுதிய நூல் இதைத்தான் பேசுகிறது. எஜமானனின் ஆட்டத்தை அடிமையின் பேரன் ஆடும்போது அது எஜமானனின் ஆட்டமாக இருப்பதில்லை.

3

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இன்னொருவரும் கிளம்பினார். பெயர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஹார்ப்பர் அவரை உடற்பண்பாட்டுத் துறைக்குப் பேராசிரியர் அந்தஸ்தோடு அழைத்துக்கொண்டார். அங்கே 41 பருவங்கள், 1932 வரை, ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்தார். (அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்ம கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, அதுவும் பெரும்பாலும் கையில்தான். மோதித் தள்ளிக்கொண்டு முன்னேறுகிற ஆட்டம்.) பக்கின் கல்லூரியும் ஸ்டாக்கின் மைதானமும் ஒரே விதையில் முளைத்த இரண்டு செடிகள். ஒன்றின் கதை மற்றதை விளங்கிக்கொள்ள உதவும் என்பதால்தான் இந்த நீண்ட பயணம்.

மார்ஷல் ஃபீல்ட் என்ற வணிகர் கொடுத்த நிலத்தில் அந்த மைதானம் அமைந்தது. 1913-ல் அதற்கு ஸ்டாக் பெயரையே வைத்தார்கள். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அளவுக்கு அது வளர்ந்தது. சிகாகோ அணி ஏழு முறை தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பரிசான ஹைஸ்மன் கோப்பை 1935-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் சிகாகோ மாணவர் ஜே பெர்வாங்கர்.

நாலே வருஷம். 1939-ல் மிஷிகனிடம் 85-0 என்று தோற்றார்கள். ஹார்வர்டிடம் 61-0. ஒஹாயோ ஸ்டேட்டிடமும் 61-0. அந்த டிசம்பர் 21 அன்று, இனி எங்களுக்கு ஃபுட்பால் அணி கிடையாது என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது.

முடிவின் பின்னால் இருந்தவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். முப்பது வயதில், 1929-ல், பல்கலைக்கழகத் தலைவரானவர். தோல்விக்கு வெட்கப்பட்டு எடுத்த முடிவு என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. முந்தின வருஷமே, 1938 டிசம்பரில், ஒரு பெருவாரிப் பத்திரிகையில் கல்லூரி விளையாட்டின் டிக்கெட் வசூலைப் பற்றி அவர் எழுதியிருந்தார். பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குகின்றன. ஸ்டேடியத்தை நிரப்புவதற்காகப் படிப்பை வளைக்கின்றன. நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்ட்டாகக் குறைத்துப்பாருங்கள், இந்தப் பித்து தெளிந்துவிடும். அவர் வாதத்தின் சாரம் இது.

தமிழ்ச் சூழலில் ஹட்சின்ஸுக்குக் கைதட்டாதவர் யார்? கேளிக்கைக்கு எதிராக, வணிகத்துக்கு எதிராக, தீவிரமான அறிவின் பக்கம் நின்ற மனிதர். சிறுபத்திரிகை மனநிலைக்கு இவரைவிட நெருக்கமான ஒரு பல்கலைக்கழகத் தலைவரைக் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மையும்கூட. பத்து சென்ட் யோசனையில் ஓர் அபாரமான சாத்தியம் இருந்தது. ஆட்டத்தைச் சந்தையிலிருந்து பிரித்தெடுத்து, ஆடுகிறவர்களிடமே திருப்பித் தருவது. ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. சந்தையை வெட்டுவதாகச் சொல்லி ஆட்டத்தை வெட்டினார். இந்த இடத்தில்தான் நாம் அவரிடமிருந்து விலகவேண்டியிருக்கிறது.

4

சரி, மைதானம் என்னவாயிற்று?

ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் ராக்கெட் ஆட்டத்துக்கான ஒரு கூடம் இருந்தது. 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மியின் தலைமையில், மனிதர் கட்டுப்படுத்திய முதல் அணுக்கருத் தொடர்வினை அங்கேதான் நிகழ்த்தப்பட்டது. கிராஃபைட் கட்டைகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கிய ஒரு குவியல். ஆட்டம் ஒழிக்கப்பட்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்கு நடுவில், யாருக்கும் சொல்லாமல், அணுகுண்டுக்கான பாதையில் முதல் பெரிய கதவு திறந்தது.

ஃபுட்பாலை நிறுத்தியதால்தான் அணுகுண்டு வந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது முட்டாள்தனம். போர் வந்தது, இடம் தேவைப்பட்டது, அங்கே இடம் இருந்தது. அவ்வளவுதான். ஆனால் இந்த 'இடம் இருந்தது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறிவின் பெயரால் காலி செய்யப்பட்ட மைதானம் அறிவுக்காகக் காத்திருக்கவில்லை. அதிகாரத்துக்கு யார் அப்போது மிக நெருக்கமோ அவர்கள் கைக்குப் போயிற்று. ஐம்பதாயிரம் பேர் பார்க்க நடந்த இடத்தில் சில டஜன் பேர் மட்டும் அறிந்த ரகசியம் நடந்தது. பொதுவெளி என்பது இப்படித்தான் மறைகிறது. சுவர் அப்படியே இருக்கும், உள்ளே நடப்பது மாறிவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சிகாகோவுக்கு முன் ஃபெர்மி நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1941-ல் அங்கே யுரேனிய ஆக்ஸைடு நிரப்பிய கனமான தகர டப்பாக்களைத் தூக்கி அடுக்க ஆள் வேண்டியிருந்தது. விஞ்ஞானிகளுக்கு முதுகு ஒடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்து ஃபுட்பால் பையன்களை மணிக்கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்கள் அநாயாசமாகத் தூக்கிப்போட்டதைப் பற்றிப் பின்னாளில் ஃபெர்மியே வேடிக்கையாகப் பேசியிருக்கிறார். சிகாகோவில் ஃபுட்பால் அணி இல்லை. அதனால் பள்ளிப்படிப்பை விட்டுவிட்டுப் பட்டாள அழைப்புக்குக் காத்திருந்த அக்கம்பக்கத்துப் பையன்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். என்ன செய்கிறோம் என்று தூக்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மூளை அறியும், உடல் தூக்கும். உடலை ஒழித்துவிட்ட பல்கலைக்கழகத்துக்கும் உடல் தேவைப்படத்தான் செய்தது. என்ன, ஆடுகிற உடலாக அல்ல, கூலிக்கு வருகிற உடலாக.

1957-ல் மேடைகளை இடித்தார்கள். அணுவினை நடந்த இடத்தில் 1967-ல் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பத்தை வைத்தார்கள். மைதானம் இருந்த மண்ணில் 1970-ல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது. ஆமாம், புத்தகம்! ஸ்பிரிங்ஃபீல்டில் முளைத்த இரண்டு மைதானங்களும் கடைசியில் புத்தகத்திடம் வந்து சேர்ந்தன. சிகாகோவில் நிரந்தரமாக, நந்தனத்தில் வருஷத்துக்குச் சில வாரம்.

மயிலாப்பூரில் வளர்ந்த எஸ். சந்திரசேகர் 1937-லிருந்து 1995-ல் இறக்கும்வரை அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சிகாகோ என்றால் நமக்கு அவரும், 1893-ல் அங்கே பேசிய விவேகானந்தரும்தான். சிந்தனையின் ஊர், பேச்சின் ஊர். அங்கேயும் ஒரு மைதானம் தன் ஆட்டத்தை இழந்தது என்பது நம் கதையாடலில் வருவதே இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. சிகாகோவில் ஃபுட்பால் திரும்ப வந்தது. 1963-ல் அதை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தபோது மாணவர்களே மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஹட்சின்ஸ் போய்விட்டார், ஹட்சினியம் போகவில்லை. ஆனாலும் 1969-ல் முறையான அணி வந்துவிட்டது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பழைய ஆரவாரம் கிடையாது. வேறோர் இடத்தில் சிறிய மைதானம், அதற்கும் ஸ்டாக் பெயர்தான். படிக்கிற பிள்ளைகள் ஆடுகிறார்கள். பத்து சென்ட் யோசனை முப்பது வருஷம் தாமதமாக, வேறு உருவத்தில், நடைமுறைக்கு வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

5

இனி நம்ம ஊருக்கு வருவோம். சிகாகோவில் ஆட்டம் நின்றதற்கு ஒரு தேதி இருக்கிறது. முடிவெடுத்தவர் பெயர் இருக்கிறது. அவர் வாதம் அச்சில் இருக்கிறது. எதிர்த்தும் ஆதரித்தும் சண்டை நடந்திருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரியில் கால்பந்து நின்றுபோனால் அதற்குத் தேதி கிடையாது. யாரும் நிறுத்துவதில்லை, நின்றுபோகிறது. ஒரு வருஷம் கோல்போஸ்ட்டுக்கு வலை வாங்கவில்லை. அடுத்த வருஷம் மைதானத்தின் ஒரு மூலையில் புதுப் பிளாக். பிறகு பார்க்கிங். பிறகு, இங்கே கால்பந்து இருந்ததா என்ன என்று கேட்கிற ஒரு தலைமுறை. நிறுத்தம் பதிவாவதில்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை.

நந்தனத்தில் ஆட்டம் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்லூரி நடக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களை இன்றும் உருவாக்குகிறது. ஆனால் அவர்கள் போய்ச் சேருகிற பள்ளிகளில் என்ன நடக்கிறது? கால அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கும். கணக்கு வாத்தியார் வந்து, "சார், இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க, போர்ஷன் முடியல" என்பார். பி.டி. மாஸ்டர் கொடுத்துவிடுவார். கணக்கு பீரியடை பி.டி. மாஸ்டர் கடன் கேட்ட வரலாறு எங்காவது உண்டா? கடன் எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. நிலமும் அப்படித்தான். புத்தகத்துக்கு மைதானத்தைக் கேட்போம். நூலகத்தின் படிப்பறையை ஒரு வாரம் கபடிக்குக் கேட்டுப்பாருங்கள்.

மொழியிலேயே இது படிந்திருக்கிறது. 'விளையாட்டாச் சொன்னேன்', 'இது என்ன விளையாட்டா?', 'விளையாட்டுப் புள்ள'. பொறுப்பின்மைக்கு இன்னொரு பெயராகவே நாம் விளையாட்டைப் புழங்குகிறோம். ஆனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நான்கு களங்களில் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. செல்வத்துக்கும் புலனுக்கும் புணர்வுக்கும் சமமாக. உரியியல் இன்னும் ஒன்று சொல்கிறது. 'கெடவரல்', 'பண்ணை' என்ற இரண்டு சொற்களுக்கும் விளையாட்டு என்றே பொருள். இன்றைக்குப் பண்ணை என்றால் என்ன? நிலவுடைமை, பண்ணையார், பண்ணையாள். இரண்டும் ஒரே சொல்தானா என்பதை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்டத்தைக் குறித்த ஓர் ஒலி சொத்தைக் குறிக்கும் ஒலியாக நம் காதில் மிஞ்சியிருக்கிறது என்பதே எனக்குப் போதுமான சாட்சி.

சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-ல் சென்னையில் பேசியபோது இளைஞர்களிடம், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் போவீர்கள் என்ற பொருளில் சொன்னார். பேசியது இந்த ஊரில், கேட்டது இந்த ஊர்ப் படித்த கூட்டம். அவர் பெயரில் 1946-ல் மயிலாப்பூரில் வந்த கல்லூரி பேர் வாங்கியது கிரிக்கெட்டில். இது அந்தக் கல்லூரியின் குற்றமல்ல. புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி இந்தியர்களைக் கிரிக்கெட் ஆடவைத்த காலத்திலிருந்து, லஸ்ஸும் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் தேர்ந்துகொண்ட ஆட்டம் அது. வெள்ளை உடை, இடைவேளை, உடலோடு உடல் உரசாத தூரம். உரசலும் மோதலும் வியர்வையும் கலந்த கால்பந்து, ஆலையும் ரயில்வே ஒர்க்ஷாப்பும் உள்ள வடசென்னையில் வேர்விட்டது. வியாசர்பாடியிலிருந்து தன்பால் கணேஷ் இந்திய அணிவரை போனார். ஆட்டங்களின் வரைபடத்தை எடுத்து இந்த நகரத்தின் சாதி, வர்க்க வரைபடத்தின்மேல் வைத்துப்பாருங்கள். கோடுகள் பெருமளவு பொருந்தும். தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்குமே, அந்த நெரிசலில் கால்பந்துக்கு ஒதுங்க ஒரு மூலை கிடைத்தால் பெரிது.

நகரத்தின் பெரிய ஸ்டேடியத்தின் கதையும் இதுதான். இன்று நேரு ஸ்டேடியம் என்றால் கால்பந்து. ஆனால் அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு எடுத்த 413 ரன்தான் அதன் புகழ்பெற்ற எண். டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய பிறகே கால்பந்துக்கு அந்த இடம் ஓரளவு மிஞ்சியது. 1993-ல் புதிதாகக் கட்டினார்கள். 2014-லிருந்து இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. அங்கே ஆடத் தொடங்கி, 2015-லும் 2017-18-லும் கோப்பையை வென்றது. விளக்கு, டி.வி., பாட்டு, நட்சத்திரங்கள், எல்லாம் வந்தன.

அப்படியானால் கால்பந்து வாழ்கிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். 1996-ல் தொடங்கிய பழைய தேசிய லீகில் சென்னையின் பெயராக ஆடியது ஒரு வங்கி, இந்தியன் வங்கி. ரயில் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், சுங்கத்துறை என்று பொதுத்துறை அணிகள் இருந்த காலத்தில் கால்பந்து ஒரு பையனுக்கு மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். கல்லூரி அணி அதற்கு ஏணி. வேலைக்கான அந்தக் கதவு தாராளமயத்துக்குப் பிறகு ஒடுங்க ஒடுங்க, ஏணிக்கு மேலே மாடி இல்லாமல் போயிற்று. இப்போது உச்சியில் சிலருக்கு லட்சங்கள். கீழே பெரும்பாலோருக்குப் பார்வையாளர் இருக்கை.

என் வாதத்தைத் திரட்டிச் சொல்வதானால்: ஆட்டத்தைப் பெருங்காட்சியாக்குவதும் ஆட்டத்தை ஒழிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒரே கருத்தியலின் இரண்டு முனைகள். இரண்டிலும் ஆடுகிறவர் எண்ணிக்கை குறைகிறது. ஒன்றில் பார்க்கிறவர் கூடுகிறார், இன்னொன்றில் படிக்கிறவர் கூடுகிறார். ஹட்சின்ஸும் அவர் எதிர்த்த டிக்கெட் வியாபாரிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். சாதாரணத் திறமையுள்ள, பதக்கம் வாங்காத, சும்மா சந்தோஷத்துக்கு ஆடுகிற மாணவன், மாணவி இருவர் திட்டத்திலும் இல்லை.

6

மாணவி என்றதும் இன்னொன்று. புத்தகக் காட்சிக்கு நந்தனம் வாசலில் நுழைகிற பெண்களில் எத்தனை பேர் தங்கள் வாழ்நாளில் ஒரு மைதானத்தின் நடுவே, சுவரோரமாக இல்லாமல், ஓடியிருப்பார்கள்? 'பெரிய மனுஷி' ஆனதும் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரவைக்கப்பட்டவர்கள் ஏராளம். நாம் தொண்ணூறுகளிலிருந்து உடல் அரசியல் பேசுகிறோம். பெண்ணுடல், தலித் உடல், ஒழுக்கப்படுத்தப்பட்ட உடல் என்று எவ்வளவோ எழுதியாயிற்று. அந்தப் புத்தகங்களை விற்பதும் வாங்குவதும் ஓர் உடற்கல்விக் கல்லூரி மைதானத்தின்மேல் பலகை அடித்துத்தான். பிரதியில் உடலைக் கொண்டாடிக்கொண்டே, காலடியில் இருக்கிற உடலின் இடத்தைக் காலியிடமாக வாசிக்கிறோம்.

இதற்குப் புத்தகக் காட்சியை விரட்டு என்பது தீர்வாகாது. அது தலைகீழ் ஹட்சினியம். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வெட்டி இன்னொரு பக்கத்தை நீட்டுவது. நான் கேட்பது கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் (2009) பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலில் விளையாட்டு மைதானத்தையும் வைத்திருக்கிறது. இருக்கவேண்டும் என்கிறது, சரி. எத்தனை நாள் அது மைதானமாக இருந்தது என்பதை யார் எழுதுகிறார்கள்? ஒவ்வொரு கல்லூரியும் பள்ளியும் மைதானத்துக்கு ஒரு பேரேடு வைக்கட்டும். வருஷத்தில் எத்தனை நாள் ஆட்டம், எத்தனை நாள் கண்காட்சி, எத்தனை நாள் மாநாடு, எத்தனை நாள் பந்தல் கால் குழியை மூடுவதற்கு. வாடகை எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு வலையாகவும் பந்தாகவும் திரும்பியது. எந்த வருஷம் எந்த அணி கடைசியாக ஆடியது. நூலகத்தில் எந்தப் புத்தகம் யார் கையில் என்று பதிவேடு வைக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமல்ல.

இரண்டாவது, எழுத்து. நின்றுபோன சிறுபத்திரிகைகளைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! மூணு இதழ் வந்து நின்றதற்குக்கூட ஆய்வேடு உண்டு. நின்றுபோன ஒரு கல்லூரி அணிக்கு? அதில் இடதுபுறம் ஆடியவர் இன்று எந்த அலுவலகத்தில் ஓய்வுபெற்றார், எந்த முழங்கால் வலியோடு படியேறுகிறார், எந்த வருஷத்துப் புகைப்படம் எந்தப் பிரின்ஸிபால் அறை அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது? தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் வாய்மொழி வரலாறு சேகரிக்கக் கிராமத்துக்குப் பஸ் ஏறுகிறோம். சைதாப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் டவுன் பஸ் போதும்.

மூன்றாவது, கொஞ்சம் சங்கடமான கோரிக்கை. அடுத்த புத்தகக் காட்சியில் உரையரங்கம், வெளியீட்டு விழா, பட்டிமன்றம் எல்லாம் இருக்கும். ஒரு மாலையை மைதானத்துக்காரர்களுக்குக் கொடுக்கலாம். அதே கல்லூரியின் மாணவர்களும் பழைய ஆட்டக்காரர்களும் மேடையில், எழுத்தாளர்கள் கீழே. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். கூடவே பதிப்பாளர்களும் அமைப்பாளர்களும் வாடகைக்கு மேல் ஒரு சிறு பங்கை அந்த மைதானத்தின் புல்லுக்கென்று எழுதிவைக்கலாம். தர்மமாக அல்ல, இரவல் வாங்கியதற்கு வட்டியாக.

இவற்றில் எது சாத்தியம், எது வெறும் ஆசை என்பதை நண்பர்கள் சொல்லவேண்டும். குறிப்பாக ஆடியவர்கள் சொல்லவேண்டும். அவர்கள் எழுதிப் பழகாதவர்களாக இருந்தால் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்பலாம். பேச்சு நடையிலேயே இருக்கட்டும், திருத்தவேண்டாம்.